ஏழாம் பெட்டியின் ஆண்டு

விலங்குக் கூடத்துக்குள் நுழைகிறவர் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவாள் தீர்ப்பு அக்கா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக வருகிறவர் என்றால், "இதெல்லாம் நெஜமாங்க?" குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் என்றால், "புலிக்கும் சிங்கத்துக்கும் சண்டை வந்தா யாரு ஜெயிப்பா?" பள்ளிக்கூடப் பட்டாளம் வந்தால் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். ஜோடியாக வருகிறவர்கள் எதையும் கேட்பதில்லை. நேராக யானை எலும்புக்கூட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அவர்களிடம் மட்டும் அவள்தான் கேட்பாள்: "வெளிய போற வழி தெரியுமில்ல?"

அருங்காட்சியகத்தில் அவளுக்கு உத்தியோகம் கூடக் காவலர். நாற்காலியில் உட்கார வேண்டும், கண்ணாடியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐந்து மணிக்கு உயரத்து ஜன்னல்களைக் கொக்கிக் கம்பால் இழுத்துச் சாத்த வேண்டும். பதில் சொல்வது இதில் சேராது. ஆனால் ஒருவர் கேள்வி கேட்டு நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்காருவது அவளுக்கு ஆகாத காரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பெட்டிகளின் லேபிள்கள் அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். பிறகு மகளின் பாடப்புத்தகங்களைப் படித்தாள். ஆராய்ச்சிக்கு வந்து எலும்புகளை அளந்துகொண்டிருந்தவர்களுக்கு ஏணி பிடிக்கிற சாக்கில் அவர்களைக் குடைந்து எடுத்தாள். இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கூடத்தில் "தெரியாது" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருநாள் எலக்ட்ரீஷியன் பல்பு மாற்றிக்கொண்டே, "இந்த அக்கா சொல்லிட்டா அப்பீலே கிடையாதுப்பா" என்றான். அன்றிலிருந்து தீர்ப்பு அக்கா. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர்.

நெஜமா என்று கேட்டால், "தோல் நெஜம், நகம் நெஜம். கண்ணு கண்ணாடி. உள்ள இருக்கறது வைக்கோலும் கம்பியும்." புலி, சிங்கம் கேள்விக்கு, "அதுங்க பாட்டுக்கு அதுங்க காட்டுல இருந்துச்சு. நாமதான் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில நிறுத்தி மூட்டி விடறோம்." டைனோசரும் மனுஷனும் ஒன்றாக இருந்தார்களா என்று கேட்டால், "அது போய் ஆறரைக் கோடி வருஷம் ஆச்சு. நாம நேத்து சாயங்காலம் வந்தவங்க."

ஏழாம் பெட்டிக்கு முன்னால் மட்டும் அவள் குரல் ஒரு படி ஏறும். அதில் ஒரு நீர்நாய், சுண்ணச் சாந்தால் செய்த பாறைமேல் முன்கால்களை ஊன்றி, வாயில் ஒரு மர மீனுடன் நிற்கிறது. வேறு பெட்டிகளில் இருப்பவை எங்கிருந்தோ வந்தவை. இது இந்த ஊர் ஆற்று மிருகம். "இது ஏன் இப்ப நம்ம ஆத்துல இல்ல?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவள் லேபிளில் இருக்கும் ஆண்டைக் காட்டுவாள். "சாய ஆலை திறந்து ஆறாவது வருஷம் பிடிச்சது இது. இதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. ஆத்துல சாயத்தை விட்டாங்க, மீன் செத்துச்சு, இதுவும் போயிடுச்சு. அவ்வளவுதான்."

அந்த ஆலையில் இருபத்திரண்டு வருடம் சாயம் கலந்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் அவர் தன்னோடு வேலை செய்கிற நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தார். பெண்டாட்டி பதில் சொல்கிற அழகைக் காட்டத்தான் வந்தார். கூட்டத்தில் யாரோ ஏழாம் பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள். அவளும் வழக்கமான பதிலை வழக்கமான குரலில், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். நகக்கண்ணில் நீலம் ஏறிய எட்டுப் பத்துக் கைகள் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயின. வீட்டுக்கு வந்ததும் அவர், "நான் ஆலையில சேர்ந்தப்பவே ஆத்துல வலை போடறவங்க நீர்நாயைக் கண்ணால பாத்ததில்லைன்னு சொல்லுவாங்க. அது எங்களுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றார். "ஆலைக்காரன் வேற என்ன சொல்லுவான்?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கூடத்தின் வாசற்படியை மிதிக்கவில்லை. மழை நாளில் குடை கொண்டுவந்தால்கூட டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆலையை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் இப்போது தண்ணீர் பம்புகளைப் பழுதுபார்க்கிறார். நகத்து நீலம் போய்விட்டது. வாசற்படி விஷயம் போகவில்லை.

இந்த வருடம் காப்பாளர் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, வயதில் தீர்ப்பு அக்காவின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். கூடத்து நுழைவில் பெரிய பலகை ஒன்று வைத்து, மக்கள் அதிகம் கேட்கும் இருபது கேள்விகளையும் பதில்களையும் அச்சடித்துவிடலாம் என்றார்.

"கேள்விங்க யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் அக்கா. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"அப்ப நான் நாற்காலியில சும்மா உக்காந்துக்கவா மேடம்?"

"பலகையைப் படிச்சுட்டு உங்ககிட்ட வந்து மறுபடி கேப்பாங்க. மனுஷங்களைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்."

இரண்டு மதியங்களில் இருபதும் முடிந்தன. இருபதாவது ஏழாம் பெட்டி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, நீர்நாயின் வாலடியில் தையல் விட்டு வைக்கோல் எட்டிப் பார்த்ததால், பாடம் செய்பவர் வந்தார். செத்த மிருகத்தின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் நிறுத்துகிறவர். நாற்பது வயதுக்காரர். எதைப் பார்த்தாலும் முதலில் தையலைப் பார்க்கிற பழக்கம். தீர்ப்பு அக்காவின் கைப்பையைப் பார்த்தும், "வார் பிச்சுக்கப் போகுதுக்கா" என்றார். இரண்டு பேருமாகப் பின்பலகையைக் கழற்றி, மிருகத்தைப் பாறையிலிருந்து தூக்கி மேசைமேல் சாய்த்தார்கள். பழைய மருந்தின் வாடை மூக்கைக் கிள்ளியது.

"நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா தோல் ரொம்பக் காஞ்சதுக்கப்புறம் ஊறப்போட்டுச் செஞ்சிருக்காங்க. காது பாருங்க, முறுக்கிக்கிச்சு" என்றார் அவர்.

"அதெப்படித் தம்பி காயும்? பிடிச்ச வருஷமே பெட்டியில வெச்சிருக்காங்களே."

"யாரு சொன்னா?"

"லேபிள் சொல்லுது."

அவர் சிரித்தார். "லேபிள்ல இருக்கற வருஷம் பெட்டியோடதுக்கா. மிருகத்தோடது இல்ல. என்னைக்குக் காட்சிக்கு வெச்சாங்களோ அதைப் போடுவாங்க. எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான். மிருகம் எப்ப செத்துச்சுன்னு தெரியணும்னா காலைப் பாக்கணும்."

பின்னங்காலின் அடியில், இத்தனை நாள் பாறைக்குள் புதைந்திருந்த இடத்தில், சிறிய துணிச்சீட்டு ஒன்று கட்டியிருந்தது. மங்கின மையில் ஓர் எண். இருநூற்றுப் பன்னிரண்டு.

தீர்ப்பு அக்கா அதைத் தொடவில்லை. கூடத்தில் இருந்த முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இருபத்து நாலு வருடமாக அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளையும் மிருகம் செத்த ஆண்டு என்று சொல்லிவந்திருக்கிறாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பெட்டியின் ஆண்டு என்று தெரிந்திருக்கும். அவர்களிடம் பல்லைப் பற்றி, வாலைப் பற்றி, சாணத்தைப் பற்றியெல்லாம் கேட்டவள், தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்ததை மட்டும் கேட்கவே இல்லை.

"என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாலைத் தைங்க."

மறுநாள் காலையில் காப்பாளர் அறையின் இரும்பு அலமாரியிலிருந்து பழைய வரவுப் பதிவேட்டை இறக்கினாள். கைக்குழந்தை கனம். இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் பிடித்தபோது விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஆண் நீர்நாய், கீழ்க்கரை, கண்ணியில் அகப்பட்டது. ஆண்டைக் கணக்குப் போட்டாள். ஆலை திறப்பதற்கு முப்பத்தோரு வருடம் முன்பு. தோல் முப்பத்தேழு வருடம் இழுப்பறையில் கிடந்து, பிறகுதான் பெட்டிக்கு வந்திருக்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முன்னும் பின்னும் புரட்டினாள். முதல் வருடம் ஒன்பது நீர்நாய். அடுத்த வருடம் எட்டு. மூன்றாம் வருடம் இரண்டு. நாலாம் வருடத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "கீழ்க்கரையில் ஆள் அனுப்பியும் அகப்படவில்லை; மேல்கரை மலைப்பக்கம் சில உண்டு, ஏற வழியில்லை." அதற்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை. பக்க ஓரத்தில் ஒரு கடித நகல் ஒட்டியிருந்தது. மீன்குளம் வைத்திருந்தவர்கள் வலை கிழிகிறது என்று புகார் செய்ததற்கு அருங்காட்சியகத்தின் அப்போதைய தலைவர் எழுதிய பதில்: எங்கள் ஆட்கள் வந்து கண்ணி வைப்பார்கள், மீன் உங்களுக்கு, தோல் எங்களுக்கு. அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு. கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு ஆறு நீர்நாய்த் தோல் அனுப்பப்பட்டது, பதிலுக்கு ஒரு வரிக்குதிரைத் தோல் பெறப்பட்டது.

மூன்றாம் பெட்டி வரிக்குதிரை. குழந்தைகள் மூக்கை ஒட்டி ஒட்டி அந்தக் கண்ணாடியைத்தான் அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்கிறாள்.

பதிவேட்டை மூடினாள். அவமானமாக இருந்தது. கோபமும் இருந்தது, அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஆனால் குழப்பம் மட்டும் இல்லை. பதில் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் சமையலறை மேசையில் காகிதத்தை விரித்து ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். அவருடைய தங்கை உள்ளறையில் தையல் மிஷினில் இருந்தாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு மூன்று பேரும் இரண்டு அறையிலும் ஒரு சமையலறையிலும் வாழ்கிற வீடு, எதைச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும்.

"என்ன அண்ணி, இன்னைக்கு எந்த மிருகத்துக்குத் தீர்ப்பு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தீர்ப்பு அக்கா டீ போட்டு அவர் முன்னால் வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. நீர்நாய் ஆலைக்கு முன்னாடியே போயிடுச்சு."

அவர் வாஷரை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மறுபடி சொல்லு" என்றார்.

"ஒரு தடவைதான் சொல்லுவேன்."

மிஷின் நின்றது. "அண்ணே, எனக்குக் கேட்டுச்சு! எங்க வேணா வந்து சாட்சி சொல்றேன்!"

"நீ அந்தச் சட்டைக் கையைத் தைச்சு முடி" என்று அவர் தங்கையை அதட்டினார். ஆனால் வாயோரம் ஆடியது. தீர்ப்பு அக்கா பதிவேட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒன்பது, எட்டு, இரண்டு. சிவப்பு மை. கடிதம். வரிக்குதிரை.

"அப்ப அந்த வரிக்குதிரை நம்ம ஆத்து மிருகம்னு சொல்லு."

"சிரிக்காதீங்க. இன்னும் முடியல. பிடிச்சது நாங்க. ஆனா மேல்கரையில, மலைப்பக்கம் அப்பவும் கொஞ்சம் இருந்திருக்கு. ஏன் அதுங்க கீழ இறங்கி வரல? அது உங்க ஆலை."

அவர் பம்பை நகர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று அவள் தயாராகத்தான் இருந்தாள். அவர் தன் கைவிரல்களைப் பார்த்தார்.

"நீலம் ஓடற நாள்ல மீன் வயித்தைக் காட்டிக்கிட்டு மெதக்கும். வாய்க்கால் மதகைத் திறக்கறது என் ஷிஃப்ட்லயும் நடந்திருக்கு. நான் அதை இல்லைன்னு சொன்னேனா? எப்பவாவது சொன்னேனா?"

"இல்ல."

"செய்யாததையும் சேத்து நீ எங்க தலையில வெச்ச. அதுவும் அத்தனை பேருக்கு முன்னாடி." டீயைக் குடித்து முடித்தார். "அந்தப் பலகையில என்ன போடப் போறீங்க?"

"அதுல இப்ப பழைய பதில் இருக்கு. நாளன்னிக்கு அச்சு."

"எங்க ஆலை மட்டும் இருந்தா நான் வரமாட்டேன். உங்க கண்ணி மட்டும் இருந்தா அதுவும் பொய்தான். அதைப் பாக்கவும் வரமாட்டேன்."

"யாரு உங்களைக் கூப்பிட்டா?" என்றாள் அவள். ஆனால் அது கேள்வி இல்லை என்பது உள்ளறைக்குக்கூடத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாளர் மேசைமேல் விரித்தாள். மேடம் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, இது எண்பது வருஷத்துக் கதை. செஞ்சவங்க யாரும் உயிரோட இல்ல. இப்ப நாம எதுக்கு இதை அள்ளித் தலையில போட்டுக்கணும்?"

"ஆலை தலையில மட்டும் இருபத்து நாலு வருஷமா நான் அள்ளிப் போட்டேனே மேடம். அது பரவாயில்லையா?"

"உங்களை யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"சொல்லணும். நான்தானே சொன்னேன்? கூரை எதிரொலிக்கற மாதிரி சொன்னேன்."

மேடம் பேனாவை உருட்டினார். "ஒண்ணு பண்ணலாம். இதுக்குக் காரணங்கள் பலன்னு போட்டுட்டா யாருக்கும் வம்பில்ல."

"காரணங்கள் பலன்னா, எனக்குத் தெரியும் ஆனா சொல்ல மாட்டேன்னு அர்த்தம் மேடம். ஆறு வயசுப் பிள்ளை கண்டுபிடிச்சுடும். நேரா என்கிட்டதான் வந்து, அப்படின்னா என்னன்னு கேக்கும். பலகைக்கு வாய் கிடையாது, நான்தான் பதில் சொல்லணும். அப்ப நான் பதிவேட்டுல இருக்கறதைத்தான் சொல்லுவேன்."

"மிரட்டறீங்களா?"

"இல்ல மேடம். முன்கூட்டியே சொல்லி வெக்கறேன்."

மேடம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, இன்னொரு முறை அந்தக் கடிதத்தைப் படித்தார். "மீன் உங்களுக்கு, தோல் எங்களுக்கு" என்பதை வாய்விட்டே படித்தார். மேலிடத்துக்கு ஃபோன் போட்டார். பேச்சு நீண்டது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தீர்ப்பு அக்காவுக்கு, "இல்ல சார், பதிவேடே இருக்கு சார்" என்பது மட்டும் மூன்று முறை கேட்டது. பதினொரு மணிக்கு மேடம் கதவைத் திறந்து, "உள்ள வாங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். சின்னதா சொல்லணும், நாலு வரிதான் இடம்" என்றார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஆலை வருவதற்குச் சுமார் முப்பது ஆண்டு முன்பு, மீன்குளத்தாரின் புகாரைக் கேட்டு, இந்த அருங்காட்சியகம் கண்ணி வைத்துப் பத்தொன்பது நீர்நாய்களைப் பிடித்தது. ஏழாம் பெட்டியில் நிற்பது அவற்றில் ஒன்று, ஆறு தோல்களைக் கொடுத்துத்தான் மூன்றாம் பெட்டி வரிக்குதிரை வந்தது. பிறகு வந்த சாயக் கழிவு மீனை அழித்தது. அதனால் மலைப்பக்கம் மிஞ்சியிருந்தவை கீழே திரும்பி வர முடியவில்லை.

"அஞ்சு வரி வருது" என்றார் மேடம்.

"புலி, சிங்கம் சண்டையில ஒரு வரியைக் குறைச்சுக்கங்க."

அதோடு விடவில்லை. முப்பத்தெட்டு லேபிள்களிலும் ஆண்டுக்கு முன்னால் ஒட்டுவதற்கு "பெட்டி வைத்த ஆண்டு" என்று சிறிய சீட்டுகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஏணி போட்டு அவளே ஒட்டினாள். ஏணி பிடித்த எலக்ட்ரீஷியன், "என்னக்கா, தீர்ப்பை மாத்திட்டீங்களாமே? அப்பீல் உண்டா அப்ப?" என்றான்.

"உண்டு. ஆனா சாட்சியோட வரணும். ஏணியை நேராப் பிடி."

பலகை வந்து மாட்டிய ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நல்ல கூட்டம். நாலு மணி தாண்டியதும் அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் தங்கை, கண்ணாலேயே எல்லாப் பெட்டியையும் விழுங்கிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்று, ஒன்றாம் கேள்வியிலிருந்து வரிசையாகப் படித்தார். இருபதுக்கு வந்ததும் நெருங்கிப் போய் நின்றார். கீழே வந்த விரல் சாயக் கழிவு என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, அப்புறம் நகர்ந்தது.

தீர்ப்பு அக்கா எழுந்திருக்கவில்லை. அவளிடம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திமிங்கலம் மீனா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வீட்டுக்காரர் வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

"அண்ணி, அண்ணனுக்காவது முன்னாடி விடக் கூடாதா?" என்றாள் நாத்தனார்.

"வந்த வரிசைதான்."

அவர் முறை வந்தது. வெளியாளிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஆலையை மூடிப் பதினோரு வருஷம் ஆச்சு. பாலத்துக்கிட்ட இப்ப மீன் இருக்கு, நானே பாத்தேன். இதுங்க திரும்பி வருமாங்க?"

அவள் அந்த மர மீனைப் பார்த்தாள், கண்ணாடிக் கண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மலைப்பக்கம் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போய்ப் பார்த்தவர் யாரும் இந்தக் கூடத்துக்கு வந்ததும் இல்லை.

"தெரியாது" என்றாள்.

அதையும் கூரை எதிரொலிக்கிற மாதிரிதான் சொன்னாள். இரண்டு பெட்டி தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தலையை ஆட்டி, அந்தப் பதிலை ஒப்புக்கொண்டார்.

மணி ஐந்தாகியிருந்தது. "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அந்தக் கொக்கிக் கம்பை எடுங்க" என்றாள் அவள். "அந்தக் கோடி ஜன்னல் எனக்கு என்னைக்குமே எட்டறதில்ல."